ஆச்சி என்று யாரைக் கூப்பிடுகிறோம்?

காரைக்குடிக் கடைத்தெருவில் ஒருவர் 'ஆச்சி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவருக்கு வயது 25 இருக்கலாம், 85 இருக்கலாம். திருநெல்வேலியில் 25 வயதுப் பெண் திரும்ப மாட்டாள். அங்கே ஆச்சி என்றால் பாட்டி, பேரன் பேத்தி எடுத்தவர். யாழ்ப்பாணத்திலும் பாட்டிதான், முந்தைய தலைமுறைகளில் பெற்ற தாயையே ஆச்சி என்று அழைத்த குடும்பங்களும் அங்கே இருந்தன. சிங்களப் பேச்சிலும் இந்தச் சொல் வாழ்கிறது. 'ஆச்சி', 'ஆச்சி அம்மா' என்று சிங்களக் குழந்தை கூப்பிடுவது பாட்டியைத்தான்.

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டில் இச்சொல் வேறு வழியில் போயிருக்கிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுக்குள் ஆச்சி என்றால் அக்காள். பெற்றவள் ஆத்தா, தந்தை அப்பச்சி, தாத்தா ஐயா, தந்தையைப் பெற்றவள் அப்பத்தா, தாயைப் பெற்றவள் ஆயா, அண்ணன் மனைவி அண்ணமிண்டி. பாட்டிமாருக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் இந்த வரிசையில் ஆச்சி மூத்த சகோதரிக்கு உரியது. வாசற்படி தாண்டி வெளியே வந்தால் அதே சொல் பெயருக்குப் பின்னால் ஏறிக்கொள்ளும்: மெய்யம்மை ஆச்சி, உண்ணாமலை ஆச்சி, சிகப்பி ஆச்சி. கல்யாணமான நகரத்தார் பெண் எவரையும் ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். 78 வயதுக்காரரை 72 வயதுக்காரர் ஆச்சி என்பார். நேற்று வந்த மருமகளைக் கடைக்காரர் ஆச்சி என்பார்.

முதுமையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல, காலப்போக்கில் கீழே இறங்கி வசையாகிவிட்டன. ஆச்சி இறங்கவில்லை. எண்ணூறு, ஆயிரம் பேர் கூடும் திருமணத்திலும் அதைச் சொல்லிக் கூப்பிடலாம், பத்திரிகையில் அச்சடிக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பெயராக வைக்கலாம். ஒரு சொல் ஏன் இறங்குகிறது, இன்னொன்று ஏன் நிற்கிறது என்று பார்த்தால் முதியவர்களை நாம் எதை வைத்து மதித்தோம் என்பது தெரியவரும் என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லின் வேர். தமிழ்நாட்டில் தந்தையின் தாயை ஒவ்வொரு வட்டாரமும் எப்படி அழைக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். தஞ்சை, திருச்சிப் பக்கம் அப்பாயி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அப்பத்தா. யாழ்ப்பாணத்தில் அப்பாச்சி. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை: அப்பாவின் ஆயி, அப்பாவின் ஆத்தா, அப்பாவின் ஆச்சி. தாய்வழியிலும் இப்படியே அம்மாயி, அம்மத்தா, அம்மாச்சி. ஆக, ஆயி, ஆத்தா, ஆச்சி மூன்றுமே தாயைக் குறித்த சொற்கள். மூன்றுக்கும் அடியில் 'ஆய்' என்ற பழைய சொல் கிடக்கிறது. நாட்டரசன்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் கண்ணாத்தாள் பெயரிலும் இருப்பது அந்த ஆத்தாள்தான்.

ஆய் எப்படி ஆச்சி ஆயிற்று? குறத்தி, ஒருத்தி என்பவற்றில் பெண்பாலைக் காட்டும் '-த்தி' இங்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். யகர ஒற்றை அடுத்து வரும் தகரம் பேச்சில் சகரமாகிவிடும். காய்த்த மரத்தைக் காச்ச மரம் என்கிறோம், தேய்த்த பாத்திரத்தைத் தேச்ச பாத்திரம் என்கிறோம். ஆய்த்தி அதே வழியில் ஆச்சியாகியிருக்கும். மலையாளத்தில் அச்சன் தந்தை. அச்சி என்பது அங்கே பழைய வழக்கில் நாயர் குலப் பெண்ணைக் குறித்தது. இவற்றையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு.

சிலப்பதிகாரத்து 'ஆய்ச்சி'யிலிருந்து ஆச்சி வந்தது என்று சொல்பவர்களையும் கேட்டிருக்கிறேன். ஆயர் குலப் பெண் ஆய்ச்சி. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் ஒப்படைத்தது மாதரி என்ற முதிய ஆய்ச்சியிடம். நகரத்தாரும் தாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்று சொல்லும் மரபுடையவர்கள். கதை அழகாக இணைகிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவதால் மட்டும் ஒரு வணிகக் குலத்துப் பெண்ணின் மரியாதைப் பெயர் இடைக்குலப் பெயரிலிருந்து வந்தது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்பாச்சியும் அம்மாச்சியும் கண்ணெதிரே சாட்சியாக நிற்கும்போது தாய் என்ற பொருளை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

தாயைக் குறிக்கும் சொல் மூத்த பெண் எல்லோருக்கும் பரவுவது நம் மொழிகளில் இயல்பு. ஔவை என்ற பெயர் அப்படிப்பட்டது. கன்னடத்தில் அவ்வ என்றால் தாய், தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. சங்கப் பாடல்களில் அதியமானோடு பழகும் ஔவையார் நரைத்தவர் என்பதற்கு அங்கே சான்று ஏதுமில்லை. பின்னால் வந்த கதைகள்தாம் அவர் விநாயகரை வேண்டி இளமையிலேயே முதுமையை வாங்கிக்கொண்டதாகச் சொல்லின. 1953-இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்த பிறகு வேறு உருவத்தில் அவரை நினைக்கவே முடியாமல் போயிற்று. தனியாக ஊர் ஊராகப் போகும் பெண், அரசனிடம் நேருக்கு நேர் பேசும் பெண், கிழவியாக இருந்தால்தான் பொறுத்துக்கொள்வோம் என்று சமூகம் நினைத்திருக்கிறது. முதுமை அங்கே ஒரு காப்பு.

ஆனால் 'கிழவி' என்ற சொல்லுக்கே அந்தக் காப்பு கிடைக்கவில்லை. தொல்காப்பியத்தில் கிழவன், கிழவி, கிழத்தி என்றால் அகப்பாட்டின் தலைவனும் தலைவியும். காதலித்துக்கொண்டிருக்கும் இளம்பெண் அங்கே கிழவி! கிழமை என்றால் உரிமை; கிழவர் என்றால் உரிமை உடையவர். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்ற புலவர் பெயர்களில் இருப்பது அந்த உரிமைதான். ஞாயிற்றுக்கிழமை என்னும்போதும் ஞாயிற்றுக்கு உரிய நாள் என்றே சொல்கிறோம். உடைமை பெரும்பாலும் மூத்தவர் கையில் இருந்ததால் உடையவரைக் குறித்த சொல் மூத்தவரைக் குறித்தது. அப்புறம் மூத்தவர் கையிலிருந்து உடைமை நழுவியது. சொல்லில் முதுமை மட்டும் மிஞ்சியது. இன்று 'கிழம்' என்று அஃறிணையாக்கியும் சொல்கிறோம்.

பாட்டி என்ற சொல்லின் பாதை நேர்மாறானது. தொல்காப்பிய மரபியல் அதைப் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்குப் பெயராகச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் பாணர் குலப் பெண்ணும் பாட்டிதான். இன்று தமிழ்நாடு முழுக்கப் பொதுவாகச் செல்லும் மரியாதைச் சொல் அது.

எல்லாவற்றிலும் கொடுமையானது மூதேவியின் கதை. மூத்த தேவி மூதேவி. திருமகளின் அக்காளாகிய அவளை வள்ளுவர் தவ்வை என்கிறார். தவ்வை என்றாலே மூத்த சகோதரி. பல்லவரும் பாண்டியரும் அவளுக்குச் சிலை வைத்தார்கள். திருப்பரங்குன்றத்தில் 8-ஆம் நூற்றாண்டில் நக்கன் கொற்றி என்ற பெண் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சேட்டை என்பது இந்த மூத்தவளே. இன்று பல ஊர்களில் அந்தச் சிலை கோயில் மதிலுக்கு வெளியே, குளக்கரையில், வயல் வரப்பில் கிடக்கிறது. பெயரோ காலையில் சோம்பிக் கிடக்கும் பெண்பிள்ளையைத் திட்டப் பயன்படுகிறது. அக்காளைக் குறித்த ஒரு சொல் வசையாகிவிட்ட அதே நாட்டில், அக்காளைக் குறித்த இன்னொரு சொல்லான ஆச்சி கௌரவமாக இருக்கிறது.

இனி செட்டிநாட்டு வீட்டுக்குள் போகலாம். நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமாகிக் கொஞ்ச காலத்தில் அவனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிக் குடித்தனம் வைத்துவிடுவார்கள். வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு; சமையல் தனி, அடுப்பு தனி, கணக்குத் தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று பெரியவர் அளந்து கொடுப்பார். வெளியே பார்ப்பவருக்கு நூறு பேர் வாழும் ஒரே வீடு. உள்ளே பல அடுப்புகள். மாமியாரும் தம் அடுப்பைத் தாமே வைத்திருப்பார். கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஏற்பாட்டில் முதியவள் மருமகள் கையை எதிர்பார்த்திருப்பாள். இங்கே அவள் தன் சோற்றைத் தானே பொங்கினாள். சிலர் இதைக் கஞ்சத்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். முதுமையில் தன்மானத்தோடு இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நம் பழைய குடும்ப அமைப்பில் நான் கண்டதில்லை.

அடுத்தது பணம். பெண் கொண்டுவரும் சீதனம் கணவன் வீட்டுப் பொதுப் பணத்தில் கரையாது. அவள் பெயரில் வட்டிக்கு விடப்படும். ஆண்டுக்காண்டு வட்டி சேர்ந்து முதலாகும். செட்டிநாட்டு வட்டிக்கடைக் கணக்கில் முதல் போட்டவர் பணம், மேம்பணம் என்று இருப்பது போல 'ஆச்சிமார் பணம்' என்றும் ஒரு இனம் இருந்தது. கூப்பிடும் சொல் கணக்குச் சொல்லாகப் பேரேட்டில் ஏறியிருக்கிறது. இரங்கூனிலோ சைகோனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ நடக்கும் கடையில், காரைக்குடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பெயரில் பற்று வரவு ஓடியது.

ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கில் கடல் கடந்து போனார்கள். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, ஏஜெண்டாகித் திரும்ப வருவான். இடையே வீட்டில் பொறுப்பு முழுவதும் பெண்ணுடையது. வயலிலிருந்து வரும் நெல், வேலையாட்கள் கூலி, கோயில் வரி, பிள்ளைகள் படிப்பு, அடுத்த பெண்ணுக்குச் சேர்க்க வேண்டிய பாத்திரம் பண்டம் எல்லாம் அவள் கணக்கு. கணவன் இல்லாத வீட்டில் 25 வயதுப் பெண்ணும் கட்டளை இடுகிறவளாக இருந்தாள். 25 வயதுப் பெண்ணை ஊர் ஆச்சி என்று சொன்னதற்கு இதுவே காரணம் என்று நான் கொள்கிறேன். தாயைக் குறித்த சொல், வீட்டை ஆள்பவளைக் குறிக்கும் சொல்லாயிற்று. சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தவரை அந்தச் சொல்லை இறக்க யாராலும் முடியவில்லை. கிழவிக்கு நழுவிப்போன கிழமை ஆச்சியிடம் நிலைத்தது.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாங்கட்டில் சமைத்துக்கொண்டிருந்த 70 வயது மூதாட்டி, முகப்பில் நிற்கும் 20 வயதுப் பெண்ணை ஆச்சி என்று அழைத்தாள். அந்தப் பெண் பதிலுக்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இந்த மரியாதை உடைமைக்கு. நரைத்த தலைக்கு என்றால் விளி எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும். களத்துமேட்டிலும் கண்மாய்க்கரையிலும் உழைத்து முதிர்ந்த பெண்களுக்குச் செட்டிநாடு ஆச்சி என்ற பெயரைக் கொடுக்கவில்லை. அவர்கள் தங்கள் தெருவில் அப்பத்தா, அம்மாச்சி. பெரிய வீட்டு வாசலில் வெறும் பெயர்.

நகரத்தார் பெண்ணுக்கும் ஓர் இடத்தில் கணக்கு மாறும். நகரத்தார் தங்களைத் தலையெண்ணிக்கையால் எண்ணுவதில்லை, புள்ளியால் எண்ணுவார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், பிள்ளையார்பட்டி என்று தொடங்கும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றிலிருந்து மாலை வந்து திருமணம் முடிந்தால் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. வரியும் அதன்படிதான். கணவன் மனைவியரில் ஒருவர் இறந்தால் மற்றவர் அரைப்புள்ளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி ஒன்றே. ஆனால் வயதில் குறைந்த பெண்ணைக் கட்டுவதும் மனைவியை இழந்தவன் மறுமணம் செய்வதும் வழக்கமாக இருந்த காலத்தில் அரைப்புள்ளியாக நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெள்ளைச் சேலை கட்டி, சடங்கு நடக்கும்போது பின்கட்டில் ஒதுங்கி நின்றவரையும் ஆச்சி என்றே அழைத்தார்கள். விளி முழுமையாக இருந்தது, இடம் பாதியாகிவிட்டது.

பிள்ளையில்லாத அரைப்புள்ளிக்கு ஒரு வழி இருந்தது: பிள்ளை கூட்டுதல். தத்தெடுப்பதை நகரத்தார் அப்படிச் சொல்வார்கள். கைக்குழந்தையைத் தேட வேண்டியதில்லை, வளர்ந்த பையனையே கூட்டிக்கொள்ளலாம். வருகிறவன் சொத்துக்கு வாரிசாவான், ஆச்சியைப் பார்த்துக்கொள்வான், அவர் காலத்துக்குப் பின் படைப்புக்குப் பொறுப்பேற்பான். படைப்பு என்பது இறந்த முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் சேலை, வேட்டி வைத்து, உணவு படைத்துக் கும்பிடும் நாள். அதற்கென்றே படைப்பு வீடுகள் உண்டு. குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணின் பெயராலேயே நடக்கும் படைப்புகளும் இருக்கின்றன.

பெயர் வைப்பதிலும் முதியவரை விடாமல் பிடித்திருக்கிறார்கள். பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. தாத்தா பாட்டி பெயரைத் தாங்குபவர்கள். தமிழர் எல்லோருக்கும் இருந்த வழக்கம் இது. நகரத்தார் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் தந்தை பெயர் முத்தையா, மகன் பெயரும் முத்தையா. தன் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாத மருமகள், அதே பெயரை வைத்த மகனை எப்படித் திட்டுவாள்? அதனால் குழந்தையையே 'ஐயா' என்றும் 'ஆத்தா' என்றும் கொஞ்சுவது பழக்கமாயிற்று. இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டி உயிரோடு இருக்கும்போதே தன் பெயரை வீடு முழுக்க ஓடியாடக் கேட்பது.

20-ஆம் நூற்றாண்டில் ஆச்சி செட்டிநாட்டைத் தாண்டியது. அண்ணாமலைச் செட்டியாருக்கு ஆங்கில அரசு ராஜா பட்டம் கொடுத்தபின் அவர் மனைவி ராணி சீதை ஆச்சி ஆனார். முன்னால் வெள்ளையர் கொடுத்த ராணி, பின்னால் ஊர் கொடுத்த ஆச்சி. அண்ணாமலை நகரில் உள்ள பள்ளி அந்த முழுப் பெயரைத் தாங்கி நிற்கிறது; சென்னை அண்ணா சாலையிலுள்ள மன்றம் ஆச்சியை விட்டுவிட்டு ராணி சீதை மன்றமாக நிற்கிறது. எழும்பூரில் சிகப்பி ஆச்சி பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. இன்று மசாலாப் பொட்டலத்திலும் மெஸ் பலகையிலும் ஆச்சியைப் பார்க்கிறோம். ஆளும் பெண்ணைக் குறித்த சொல் விளம்பரத்தில் சமைக்கும் பெண்ணாகச் சுருங்கிவிட்டது எனக்கு வருத்தம்.

எல்லோருக்கும் நினைவு வரும் ஆச்சி மனோரமா. 1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர், சிறு வயதில் தாயோடு பள்ளத்தூருக்கு வந்து வளர்ந்தார். கணவர் கைவிட்ட நிலையில் தாய் வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். நாடக மேடையில் பள்ளத்தூர் பாப்பா என்று பெயரெடுத்து, 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வழியாகப் படத்துக்கு வந்தார். செட்டிநாட்டுப் பேச்சு அவர் நாவில் இயல்பாக வந்தது. திரையுலகம் அவரை ஆச்சி என்றது. 2015-இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடே ஆச்சி போய்விட்டார் என்று சொன்னது. பள்ளத்தூர் வழக்கப்படி ஆச்சி என்ற பெயர் போய்ச் சேராத வீட்டில் வளர்ந்த பெண் அவர். பிறப்பாலும் சீதனத்தாலும் கிடைக்கும் பெயரை உழைப்பால் வாங்கியவர் என்று அவரைச் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை.

சொல் ஊரெல்லாம் பரவிய அதே காலத்தில் அதைத் தாங்கிய வீடுகள் காலியாயின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தில் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர, 1938-க்குள் அது 25 விழுக்காடாயிற்று. 1942-இல் சப்பானியப் படை வந்தது. போருக்குப் பின் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வெளிநாட்டுப் பணம் நின்றதும் வீட்டில் மிஞ்சியது பெண்கள் கொண்டுவந்த நகையும் வெள்ளியும் பாத்திரமும். பல குடும்பங்கள் அவற்றை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலாசமும் பெயரும் வெட்டிய பித்தளைப் பாத்திரங்களை இப்போதும் பார்க்கலாம். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். முன்பு ஆண்கள் போய் மூன்றாண்டில் திரும்பினார்கள். இப்போது குடும்பமே போகிறது, திரும்புவது திருமணத்துக்கும் படைப்புக்கும் 60-ஆம் ஆண்டுச் சாந்திக்கும்.

அத்தனை பெரிய வீட்டில் ஒரு முதியவரோ இருவரோ முன்கட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். மற்ற அறைகளில் பங்காளிகளின் பூட்டு. ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. வீட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் அதற்குள் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வழி இல்லாமல் இல்லை. 1999-இல் காரைக்குடியில் குடும்பக் கட்டடத்தை 'தி பங்களா' என்ற விடுதியாக்கிய மீனாட்சி மெய்யப்பன் அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். உலகின் பல நாட்டார் அங்கே வந்து இலையில் சாப்பிட்டு, அவரை ஆச்சி என்றே அழைத்தார்கள். உடைமையும் வேலையும் கையில் இருந்ததால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பழைய முழுப்பொருள் இருந்தது.

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் மாசாத்தியார் புறநானூற்றில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண் தன் ஒரே மகனையும் போருக்கு அனுப்புவது அதன் செய்தி. துறை மூதின்முல்லை. மூதில் என்றால் முது இல்: தொன்மையான, மறம் மிக்க குடி. முது, இல் என்ற அதே இரு சொற்களைக் கொண்டுதான் நாம் இன்று முதியோர் இல்லம் என்கிறோம். அப்போது வீட்டின் முதுமை வீட்டுக்குப் பெருமை. இப்போது முதியோர் இருக்க வீட்டுக்கு வெளியே ஓர் இல்லம். முதியோர் இல்லத்தில் இருப்பதை இழிவாக நான் நினைக்கவில்லை. அங்கே மருந்தும் பேச்சுத்துணையும் நேரத்துக்குக் கிடைக்கும் பலரை அறிவேன். சொந்த வீட்டில் பூட்டிய அறைகளுக்கு நடுவே தனியாக இருப்பவரைவிட அவர்கள் பலர் நன்றாக இருக்கிறார்கள்.

சட்டம் முதியவர்களுக்கு வைத்த பெயர் மூத்த குடிமக்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் எனக்கு வியப்பூட்டும் ஒரு பிரிவு உண்டு. பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது தமக்குப் பின் அதை அடையப்போகிற உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். பிள்ளை கூட்டும் வழக்கத்தில் இருந்த நியாயமும் இதுதான்: சொத்து யாருக்கோ, கவனிக்கும் கடமையும் அவருக்கு. இன்னொரு பிரிவின்படி, தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் முதியவர் திரும்பப் பெறலாம். கிழமை என்ற பழைய சொல் சட்டப் புத்தகத்தில் வேறு பெயரில் வந்திருக்கிறது.

உடைமையே இல்லாத பெண்ணுக்கு? பெரிய வீட்டு அடுப்படியில் 40 ஆண்டு நின்றவருக்கும் நாற்று நட்டே முதுகு வளைந்தவருக்கும் இருப்பது அரசின் முதியோர் ஓய்வூதியம். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அது 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அவர்களுக்கும் பெற்ற பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது. எழுதி வைக்கச் சொத்து இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. இதை அவர்களில் பலருக்கு யாரும் சொன்னதில்லை. காரைக்குடிக்காரர்கள் மனுவைத் தேவகோட்டை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நேரில் போக முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். கோட்டாட்சியர் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வேலை பார்த்து ஓய்ந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், அவருக்காக அந்த மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம்.